சேவியருக்கு மட்டும் மிச்சமிருந்த சார்ஜ்

புதுக்கோட்டையில் நான் பஸ் ஏறியதுமே முன் சீட்டு இளைஞன் பக்கத்தில் இருந்த நண்பனிடம் பொருமினான்.

"எல்லார் காருக்கும் ஒரே அளவு பேட்டரிதானே வச்சோம்? ஆவூர் சேவியருக்கு மட்டும் கடைசி ரவுண்டுல எப்புடி சார்ஜ் மிச்சம் இருந்துச்சு?"

நிஜக் கார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இவர்கள் கம்ப்யூட்டரில், ஆன்லைனில் நடத்திய மின்சாரக் கார் பந்தயம்.

"அவன் வளைவுல மெதுவாப் போனான் மாப்ள. நீ மொதல்லயே மிதிச்சுத் தீத்துட்ட."

"மெதுவாப் போறவனுக்குக் கப்பா? ரூலை மாத்தணும்."

"ரூல் போட்டதே நீதானடா."

"போட்டி நடத்துனது நானு. குரூப்புல எல்லாரும் அவனுக்கு வாழ்த்துப் போடுறாய்ங்க."

"சரி விடு. ஞாயித்துக்கெழம பரிசு குடுக்கணும். பொன்னாடை வாங்கிட்டியா?"

"குடுக்க முடியாது. ரேஸைத் திரும்ப நடத்துவோம்."

"எதுக்குடா?"

இளைஞன் குரலைத் தாழ்த்தினான்.

"நம்ம கொளத்தூர்ல பிளெக்ஸ் கட்டியாச்சு மாப்ள. ரேஸுக்கு முன்னாடியே அடிச்சுட்டேன்."

"அதுக்கென்ன?"

"சாம்பியன்னு என் போட்டோவப் போட்டு அடிச்சிருக்கேன்."