பெருமாயி லேகியம்

மலையில் காப்பி சீக்கிரம் ஆறிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி வந்திருக்கிறீர்கள். முதலில் குடியுங்கள். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

என் பெயர் மருதாசலம். சேலத்தில் ஒரு லேகியக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கான லேகியம் ஊருக்கு ஊர் கிண்டுகிறார்கள். எல்லாவற்றிலும் அதே தேன், அதே திப்பிலி. எதை நம்பி வாங்குவது என்று ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஒரு முகம் வேண்டும்.

அந்த முகத்தை இந்தக் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் கண்டேன். பெருமாயி. புருஷனை இழந்து, அண்ணன் செங்கோடன் வீட்டில் இருந்தாள். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு ஆண்பிள்ளை. நான் கூட்டிப்போன போட்டோக்காரரைப் பார்த்துப் பிள்ளை சிரித்தான். பிள்ளையைப் பார்த்து அவள் சிரித்தாள். அதைத்தான் டப்பாவில் ஒட்டினோம். 'கொல்லிமலைத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுப்பது' என்று கீழே எழுதினேன். அவள் அதுவரை எங்கள் லேகியத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் ஒரு பெட்டி அவளுக்கு இனாமாக அனுப்பிவைத்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று செங்கோடன் சொன்னானாம். லேகியந்தான் இருக்கிறதே என்றாளாம் இவள். என் விளம்பரத்தை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை போய்விட்டான்.

அவள் மலையிறங்கி சேலத்துக்கே வந்துவிட்டாள். எங்கள் கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, எம் புள்ளெ செத்துப் போச்சுங்க. இந்த டப்பால மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்குது. அதெ எடுத்துப்போடச் சொல்லுங்க."

சாபம் விட்டிருந்தால் பைத்தியம் என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒரு பத்திரிகைக்காரரும் இருந்தார். முதலாளி என்னை உள்ளே அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இது பேப்பருக்குப் போயிருமா?"

"நான் பார்த்துக்கறேனுங்க" என்றேன்.

அண்ணன் வீட்டில் விடுகிறேன் என்று சொல்லி அவளைக் காரவள்ளி பஸ்ஸில் ஏற்றினேன். அங்கிருந்து நடந்து மலையேறியதும் எடப்புளி நாட்டுப் பக்கம் திருப்பி, கம்பெனியின் தேன் கிடங்குக்குக் கூட்டிவந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் சுவர், ஒரே கதவு, கூரையை ஒட்டி ஒரு புகைப்போக்கி. "படத்தை மாத்தற வரைக்கும் இங்க இரு, கண்ணு" என்றேன். நம்பினாள். வெளியே பூட்டினேன். காவல்காரன் குழந்தைசாமியிடம், புத்தி சரியில்லாதவள், சோறு மட்டும் கொடு, பேச்சுக் கொடுக்காதே என்று சொல்லிவைத்தேன்.

கிடங்கு நிறைய எங்கள் படம் ஒட்டிய காலி டப்பாக்கள். அடுத்த முறை போனபோது, எல்லா டப்பாவையும் படம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் திருப்பவில்லை. அது அவள் தலைமாட்டில் இருந்தது. நான் மற்றதையெல்லாம் பழையபடி அடுக்கிவிட்டு வந்தேன். சரக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

பத்திரிகைக்காரர் விடவில்லை. அந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நான் வேறு என்ன செய்வேன்? கடைக்கு வந்தவள் யாரோ ஒரு பைத்தியக்காரி என்றேன். உண்மையான பெருமாயி மலைக்காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்து, தன் பிள்ளையோடு தானும் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே அச்சானது.

அதன் பிறகு நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. ஊர் ஊராக அவள் படத்துக்கு மாலை போட்டார்கள். பிறந்த பெண்களுக்குப் பெருமாயி என்று பேர் வைத்தார்கள். முதலாளி, கிடங்குக்கு முன்னால் இருக்கும் பெரிய பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு சமாதி கட்டச் சொன்னார். மேலே மண் மேடு, உள்ளே ஒன்றும் இல்லை. தொற்றுக் காய்ச்சல், அதனால் கம்பெனியே அடக்கம் செய்துவிட்டது என்று செங்கோடனிடம் சொன்னேன். அவன் விளக்கு வைக்க வரத் தொடங்கினான். கீழ்நாட்டுத் தாய்மார்கள்கூட ஏறி வந்து அழுதார்கள். பொய்க் கண்ணீர் இல்லை ஐயா. அந்தக் கண்ணீருக்கு நான் துரோகம் செய்ய முடியுமா?

அவளிடமும் சொல்லிவிட்டேன். மறைப்பது நியாயமில்லை.

"அப்ப நானு செத்துட்டேனுங்களா?" என்றாள்.

"பேப்பர்ல வந்துருச்சு."

"அப்ப உட்ருங்க சாமி. செத்தவ எங்க போனா உங்களுக்கென்னுங்க? எங்கண்ணன் ஊட்டுக்குப் போயர்றேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் அடுத்த நாள் சந்தைக்கும் போவாள். எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. அவளுக்காவது ஒரு கதவு இருந்தது. நான் எழுதியதற்குள்ளிருந்து நான் வெளியே வரக் கதவே இல்லை.

மழை பிடித்ததும் இருந்த தேனையெல்லாம் கீழே இறக்கிவிட்டு, குழந்தைசாமியை, தேன் வரத்து முடிந்துவிட்டது என்று சொல்லி ஊருக்கு அனுப்பினேன். கதவைப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன். தட்டினால் பாறைக்கு இந்தப் பக்கம் கேட்காது என்று எனக்குத் தெரியும். அவள் தட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், செங்கோடன் விளக்கு வைக்கும் இடத்தில் நின்று கேட்டுப் பார்த்திருந்தேன்.

சேலத்தில் அவளுக்காக ஒரு நினைவு மலர் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. படித்துவிட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழை விட்டதும் ஏறிவந்தேன். பூட்டைத் திறந்தேன். டப்பாக்கள் மறுபடியும் சுவரைப் பார்த்திருந்தன. அவளைச் சமாதிக்குள் வைத்தேன். ஆழமாகவே தோண்டினேன். மறுநாள் செங்கோடன் விளக்கோடு வந்து நின்று, "புல்லு மொளச்ச மண்ணெ யாருங்க பொரட்டுனது?" என்று கேட்டான். அப்படியே இறங்கிப் போய்விட்டான். உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

என் வாக்குமூலத்தை எழுதிப் படித்துக் காட்டினீர்கள். சரியாகத்தான் இருக்கிறது. உயிரோடு இருந்தவளைப் பூட்டினேன், பட்டினியில் சாகும்வரை திறக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும். 'பொய்ச் செய்தி வெளியிட்டு' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. செய்தி கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.