ரிசப்ஷனில் அமெரிக்க பேண்ட்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகியும், மடியில் கீபோர்டோடு ஓர் இளைஞனும் உட்கார்ந்திருந்தார்கள். குழுவை நடத்துவதும் அந்த அம்மாள்தான்.

“ரிசப்ஷன்ல இருபது நிமிஷம் நீ பாட்டுக்கு வாசிச்சிக்கினு இருக்க. நான் மைக்கைப் புடிச்சிக்கினு கம்முனு நிக்கிறேன். இன்னாடா அது?”

“அது ஒரு அமெரிக்கா பேண்டோட பாட்டுக்கா. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ராக் பாட்டை இப்டி நீட்டி, நடுநடுவுல தாளத்த மாத்தி வாசிச்சாங்க. ரெண்டே ரெகார்டுதான் போட்டாங்க. அவங்கள யாருக்குமே தெரியல. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தேடிப் புடிச்சேன்.”

“அவங்க ஊர்லயே யாரும் கேக்காதத கும்மிடிப்பூண்டில வாசிக்கிறியா? பேஜாருடா உன்னோட. பொண்ணோட அப்பா என்னியதான் திட்டுறாரு.”

“மாப்ள கடைசி வரிக்கும் கேட்டாரே!”

“கழுத்துல மாலையோட மேடையில நிக்கிறவரு எங்கடா ஓடுவாரு?”

அவன் முகம் வாடிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரயில் பொன்னேரியைத் தாண்டியது.

பிறகு அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். “சரி. அடுத்த கல்யாணத்துல, எல்லாரும் சாப்பிடப் போற நேரம் பார்த்து அஞ்சு நிமிஷம் வாசி. அதுக்கு மேல போச்சு, ஒயரைப் புடுங்கிடுவேன்.”

“அஞ்சு நிமிஷத்துல அந்தப் பாட்டு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதேக்கா,” என்றான் அவன்.