ஐஸ் ஃபாக்டரி சாவி

— மெதுவா நட அக்கா. எட்டு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா கிடந்த உடம்பு.

— நாளைக்கு ஓனர்கிட்ட சாவியைக் கொடுக்கணும்டா. அதுக்கு முன்னாடி நம்ம ஐஸ் ஃபாக்டரியைக் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். மூடிக் கிடந்ததை வாடகைக்குப் பிடிச்சு, பத்து வருஷம் அங்க நாடகம், பாட்டுன்னு நடத்தி அல்லாடினேன். நான் படுத்தேன், அதுவும் படுத்துடுச்சு. பார்க்க வந்தவங்ககிட்ட, முடிஞ்சதும் நாற்காலியை மடிச்சு வைங்கன்னு தொண்டை கிழியக் கத்தினதுதான் மிச்சம்.

— தையல்கடை வழியா போவோம், வா.

— அது சுத்துவழிடா... ஏய், தையல்காரர் மாடியில என்ன டிரம்ஸ் சத்தம்?

— சாயந்திரம் கடையைச் சாத்தினதும் மாடியைப் பாட்டு, டிரம்ஸ் பழகறவங்களுக்கு விட்டுடறாரு.

— அந்த மனுஷனா? சத்தம் கேட்டா போலீஸைக் கூப்பிடுவேன்னு குதிப்பாரே!

— இப்ப தாளம் தப்பினாத்தான் குதிக்கிறாரு.

— ஐயோ, சலூன் சுவரைப் பாருடா! இத்தனை படம் யாரு வரைஞ்சது?

— முடி வெட்ட வந்து காத்திருக்கிறவங்க. சுவர் நிறைஞ்சதும் வெள்ளையடிச்சுட்டு மறுபடி ஆரம்பிப்பாங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?

— சொன்னேனே. சும்மா தேத்தாதடான்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட.

— அம்மாடி! பஸ் ஷெட்டுல என்ன இவ்ளோ கூட்டம்?

— நாடகம். மாத்தலாகி வந்திருக்கிற கண்டக்டரம்மா எழுதினது. லைட்டு மட்டும் என்னோடது. அதோ, வாசல்ல நிக்கிறாங்களே, அவங்கதான்.

— உடம்பெல்லாம் சிலிர்க்குதுடா. கையைப் பிடிச்சுக்கோ. எல்லாம் போச்சுன்னு ராத்திரியெல்லாம் அழுதேனே!

— ஏம்மா, வழியில நின்னா எப்படி? உள்ள வாங்க. ஊருக்குப் புதுசா?

— கண்டக்டரம்மா, இவங்க யாருன்னு தெரியுமா? இவங்கதான்...

— நீ சும்மா இருடா. ஆமாம்மா, புதுசுதான். டிக்கெட் எவ்ளோ?

— டிக்கெட்டெல்லாம் கிடையாது. ஆனா முடிஞ்சதும் அவங்கவங்க நாற்காலியை அவங்கவங்களே மடிச்சு அடுக்கிட்டுத்தான் போகணும். மேயரே வந்தாலும் சரி.

— அடேயப்பா! யாரும்மா வெச்ச சட்டம் இது?

— யாரு வெச்சாங்களோ, யாருக்குத் தெரியும்? தையல்கடை மாடி, சலூன்னு எங்க போனாலும் இதே பேச்சுதான். இந்த ஊர்ல காலங்காலமா அப்படித்தானாம்.

— அக்கா, ஏன் அழற? சொல்லிடட்டுமா?

— மூச்சு விடக் கூடாது! இந்தாடா சாவி. நாளைக்கு நீயே போய்க் கொடுத்துடு. எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி பிடி, நானே மடிச்சு வெச்சுட்டு வரேன்.