பெரிய சொட்டு

காலையில் மயூர் விஹாரில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் இரண்டு தமிழ் மாணவிகள். ஒருத்திக்கு இடது புருவம் இல்லை. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“டீசல் எரியாதுடி, அதோட ஆவிதான் எரியும். லேப்ல ஸ்ப்ரே பண்றப்ப சின்னச் சொட்டெல்லாம் உடனே ஆவியாகித் தீர்ந்துடும். பெரிசு மட்டும் எரிஞ்சுகிட்டே பறக்கும்.”

“உன் புருவத்துக்கு வந்தது?”

“பெரிசு. லேப் கண்ணாடி போட்டிருந்தேன், அதனால கண்ணு இருக்கு.”

“அச்சா. அம்மாகிட்ட என்ன சொன்ன?”

“பார்லர்ல அதிகமா எடுத்துட்டாங்கன்னு.”

“நம்பிட்டாங்களா?”

“பார்லர்காரியைத் திட்டினாங்க.”

என் மகள் சென்னையில் விடுதியில் தங்கி இதே ஆராய்ச்சிதான் செய்கிறாள். போன வாரம் வீடியோ காலில் அவள் புருவத்தைப் பார்த்து நானும் ஒரு பார்லர்காரியைத் திட்டினேன்.