காமு போன புது வீடுகள்

அன்று காலை காமு லிஃப்டுக்குள் தானாகவே ஏறினாள். கதவு இடிக்காமல் நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். பெருங்களத்தூரில் ஆறாவது மாடி.

நடந்ததை எழுதித் தரும்படி கால்நடை டாக்டர் ஈவ்லின் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

பம்மலில் எனக்கு நான்கு கறவைப் பசுக்கள். கிரகப்பிரவேசங்களுக்குக் காமுதான் போவாள். புது வீட்டில் முதலில் பசு நுழைய வேண்டும், அது எத்தனையாவது மாடியானாலும். போன இடத்தில் பழமும் கீரையும் ஊட்டுவார்கள். ஆகவே முந்தின நாள் நான் தீவனம் வைப்பதில்லை. வயிறு நிறைந்த மாடு புது டைல்ஸில் சாணி போடும். பசித்த மாடு கொடுத்ததையெல்லாம் ஆசையாக வாங்கும். வீட்டுக்காரர்கள் மனம் குளிரும். ஆவணியில் எந்த நாளைப் பார்த்தாலும் ஏதோ ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாளாகவே இருந்தது.

வாட்ச்மேன் கார்த்தி, "இன்னா ஜெயக்கொடிக்கா, எலும்பை எண்ணிடலாம் போல கீது?" என்றான்.

"லிஃப்ட்ல எடை போர்டு மாட்டிகீறாங்களே, அதுக்குத்தான்" என்றேன். சிரித்தான். மாடு சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஹேமநாத் இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். காமு இலையையும் சேர்த்துத் தின்றாள். எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். உற்சாகத்தில் அவர் அண்டாவையே முன்னால் நகர்த்தினார். நான் கயிற்றை ஒருமுறை இழுத்தேன்.

"விடுங்கம்மா. மகாலட்சுமியே கேக்கறா, இல்லேன்னு சொல்லலாமா?" என்றார்.

பட்டினி கிடந்த மாட்டுக்குச் சோறு எமன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மங்கல காரியத்தில் தடுப்பது அபசகுனம். கயிற்றை விட்டேன்.

மாலைக்குள் வயிறு மத்தளமாக ஊதியது. டாக்டரைக் கூப்பிடவில்லை. வந்தால் ஓய்வு கொடுக்கச் சொல்வார். மறுநாள் இரும்புலியூரில் கிரகப்பிரவேசம். விடிந்தபோது காமு எழவில்லை.

டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "கடைசியா வைக்கோல் எப்ப வெச்சீங்க?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. "ஆடி மாசம்" என்றேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது.

காமுவை நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். ஆனால் அவளை ஒரு நாளும் நான் அடித்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதேன், பம்மலே சாட்சி.

இப்போது அவள் மகள் ரோஹிணி கொட்டகையில் நிற்கிறாள். தாயைப் போலவே சாது. நாளைக்குப் பல்லாவரத்தில் ஒன்பதாவது மாடி. தீவனத் தொட்டி காலையிலிருந்து காலியாக இருக்கிறது.