புள்ளி உதிர்ந்த மீன்கள்

ஒரு வாளித் தண்ணீரைச் சிந்தாமல் மாடிக்குத் தூக்கிப்போவது ஒன்றும் லேசான வேலை இல்லை. ஒன்பது வருஷம் அதைச் செய்தவன் நான். கீழே என் தங்கை கணவரின் அலங்கார மீன் கடை. மேலே, படி முடிகிற இடத்தில், நோய்ப்பட்ட மீன்களுக்கென்று நான் வைத்திருந்த தனித்தொட்டி. மணல், கல், செடி எதுவும் அதில் கிடையாது. தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பஞ்சு, சூடேற்ற ஒரு குழாய், அதற்கென்றே ஒரு வலை. அவ்வளவுதான்.

புது மீன் வந்தால் நாலு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்க வேண்டும். மாப்பிள்ளையோ காலையில் வந்த பெட்டியை மதியமே பிரித்து விற்பனைத் தொட்டியில் விட்டுவிடுவார். வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். "மச்சானுக்கு எந்த மீனப் பாத்தாலும் சீக்காளியாத்தான் தெரியும்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம்தான் கத்துவார்கள். தங்கையிடம் சொன்னால், வீட்டிலும் மீன் பேச்சுதானா என்று எழுந்து போய்விடுவாள். சுவரோடு பேசுவதும் இவர்களோடு பேசுவதும் ஒன்றுதான்.

நான் ஆத்திரப்படவில்லை. யோசித்தேன். மீன் செத்தால் மாப்பிள்ளை எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்: தீனி அதிகம் போட்டிருப்பீர்கள், சோப்புக் கையைத் தொட்டியில் விட்டிருப்பீர்கள். அப்படி எந்தக் குறையும் சொல்ல முடியாத ஒரு வீடு எனக்குத் தேவைப்பட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். மனைவியை இழந்தவர். அந்த அம்மாள் வளர்த்த தங்கமீன் ஒன்று அவரிடம் இருந்தது. குண்டு என்று பெயர். பதினொரு வயது. தண்ணீரை ஒரு நாள் முழுக்க வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்றுவார். விரல் நுனியில் எடுத்துத்தான் தீனி போடுவார். நான் எதைச் சொன்னாலும் துணி அளக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஒன்பது வருஷத்தில் என் பேச்சை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்.

குண்டுக்குத் துணையாக இரண்டு சின்ன மீன் வேண்டும் என்று ஒருநாள் வந்தார். "நீங்க எடுத்துக் குடுத்தா சரியா இருக்கும்" என்றார். நான் மாடிக்குப் போனேன்.

வெள்ளைப் புள்ளி நோயை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மீன்மேல் உப்பைத் தூவியது மாதிரி இருக்கும். ஒருநாள் புள்ளியெல்லாம் உதிர்ந்து மீன் பளிச்சென்று ஆகிவிடும். குணமாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் நோய் தண்ணீரில் இறங்கிப் பெருகும். அன்று என் தொட்டியில் அப்படி இரண்டு மீன்கள் இருந்தன. அந்தத் தண்ணீரோடேயே பையில் பிடித்துக் கட்டினேன். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் வந்தார். கையில் மீன் இல்லை. புகாரும் இல்லை.

"தப்பு என்னோடதுதான். துணிக்குக் கஞ்சி போட்ட கையோட தொட்டியத் தொட்டுட்டேனோ என்னமோ. அவ கடைசியா குண்டப் பாத்துக்கோங்கன்னு மட்டுந்தான் சொன்னா. அதக்கூட என்னால செய்ய முடியல."

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அவர் இல்லாதபோது சொல்லி என்ன பிரயோஜனம்? தையல்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மாப்பிள்ளை திரும்பியதும் நடந்ததை, என் பங்கை விட்டுவிட்டு, விவரமாகச் சொன்னேன். புது மீனிலிருந்துதான் நோய் போயிருக்கிறது என்றேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிழட்டு மீனு. அதுக்கு நேரம் வந்துச்சு, போச்சு."

ஒரு வீடு போதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அதே மாதிரி மீன்களை மூன்று வீடுகளுக்கு அனுப்பினேன். ஒன்றில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு சிறுமி. கட்டிலுக்கு எதிரே தொட்டி. நன்றாகப் பராமரித்தார்கள், அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். மூன்று வீட்டிலும் ஒரு மீன்கூடப் பிழைக்கவில்லை. மாப்பிள்ளை தீனிக் கம்பெனியை மாற்றினார். அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் எனக்கு எவ்வளவு சலிப்பாக இருந்தது என்பதைச் சொல்லி விளக்க முடியாது.

தையல்காரர் கடையைத் திறப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஒரு குட்டித் தங்கமீனைத் தேர்ந்து, தொட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, முழுதாக நாலு வாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம், என் கை ராசியில்லாத கை என்றார். நாலு வாரம் தனியே வைத்துப் பார்த்த மீன், பயப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உங்களைப் போல யார் செய்வார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த மீன் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. ஒருநாள் மாப்பிள்ளையை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அப்போதாவது நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறாரா பார்ப்போம்.