ஜெனாட்டுக்குப் போய்ச் சேராத மருந்து

வாக்குமூலம் அளிப்பவர்: அந்தோனிப்பிள்ளை பஸ்ரியன்
வயது: 71
முகவரி: கெனடி வீதி அடுக்குமாடி, டோர்செட் பார்க், ஸ்காபரோ, ரொறன்ரோ
தொழில்: ஓய்வு பெற்றவர். முன்னர் ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ற் ஓட்டியவர்.
பதிவு செய்த இடம்: பொலிஸ் நிலையம், ஸ்காபரோ. மொழிபெயர்ப்பாளர் சிவராமன் உடனிருந்தார்.

இந்த வாக்குமூலத்தில் தெரிந்துகொண்டே பொய் சொன்னால் அது குற்றம் என்று விசாரணை அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. யாரும் என்னை வற்புறுத்தி அழைத்து வரவில்லை. என் மகன் றொனால்ட் ஒஷாவாவிலிருந்து வந்து காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே இருக்கிறான்.

இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிடப்படும் ஜெனாட் என் மனைவி. அவர் ஒரு பாடசாலையின் உணவுச்சாலையில் வேலை செய்தவர். அவருக்கு மார்பில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியது. இனிச் செய்வதற்குச் சிகிச்சை இல்லை, வலியை மட்டும் குறைக்கலாம் என்று சென்ற இலையுதிர்காலத்தில் மருத்துவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன் என்று மனைவி சொன்னதால் எங்கள் வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் பிறகு இல்லப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று தினமும் தாதி ஒருவரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. பகல் வலிக்குத் தாதி ஊசி போடுவார். இரவுக்கு நான் குளிசை விழுங்கக் கொடுப்பேன்.

முதலில் வெவ்வேறு தாதிகள் வந்தார்கள். அதன் பிறகு மெலிசா என்பவர் நிரந்தரமாக வரத் தொடங்கினார். அவருடைய உண்மையான பெயர் அதுவல்ல என்று இப்போது பொலிசார் சொல்லி அறிகிறேன். எனக்கு அந்தப் பெயரில்தான் அவரைத் தெரியும் என்பதால் இந்த வாக்குமூலத்திலும் அப்படியே சொல்கிறேன். அவர் தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். சிறுவயதிலேயே கனடாவுக்கு வந்தவர் என்று சொன்னார்.

அவர் எப்படிப்பட்டவர் என்று அதிகாரி கேட்டார். நல்லவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மனைவியின் தலைமுடி மருந்தினால் கொட்டி மறுபடி வளரத் தொடங்கியபோது அதற்குச் சின்னச் சீப்பு ஒன்று வாங்கி வந்து சீவிவிட்டார். படுக்கைப் புண் ஒன்றும் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார். ஊசி போட முதல், "அன்ரி, ஒரே ஒரு சின்னக் குத்து, ஓகே?" என்பார். மனைவி அதற்குச் சிரிப்பார்.

ஆனால் வலி குறையவில்லை. மெலிசா வரத் தொடங்கிய பிறகு பகலில் அது கூடிக்கொண்டே போனது. ஊசி போட்ட பிறகும் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கிடப்பார். நான் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார். அதன் பிறகும் குறையவில்லை என்று மறுபடி சொன்னேன். மறுபடியும் கூட்டினார். உடைத்த மருந்துக் குப்பிகள் எல்லாம், பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவுக்குள் சரியாக இருந்தபடியால் யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. மெலிசா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சமையலறை மேசையில்தான் ஊசியில் மருந்தை ஏற்றுவார். அதைப் பிழையென்று நான் நினைக்கவில்லை. கடைசிக் கிழமையில் மனைவி செபமாலை சொல்வதையும் விட்டுவிட்டார். வாய் திறந்தால் முனகல்தான் வருகிறது, மாதாவுக்கு அதையா சொல்வது என்றார்.

சம்பவம் நடந்த நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். இந்தியத் தமிழில் ஒரு பெண் பேசினார்.

"அங்கிள், என் பேரு தீப்தி. ஹோம் கேர் ஆபீஸ்ல இருந்து பேசறேன். ஆன்ட்டிக்கு வலி எப்படி இருக்கு?"

கூடத்தான் இருக்கிறது என்றேன்.

"ஊசி போட்டப்புறம் கொஞ்சமாவது குறையுதா?"

"இல்லை பிள்ளை. ஒரு சொட்டும் குறையேல்லை. தண்ணி போட்ட மாதிரித்தான் கிடக்கு."

இன்று யார் வருவார் என்று அவர் கேட்டார். மெலிசா வந்துகொண்டிருப்பார் என்றேன்.

"அங்கிள், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இன்னிக்கு அவங்களை ஊசி போட விடாதீங்க. சண்டை எதுவும் வேண்டாம். ஆன்ட்டி தூங்கறாங்கன்னு சொல்லுங்க. நான் ஒரு நர்ஸைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு மெலிசா வந்தார். மனைவி இப்போதுதான் கண் மூடினார், கொஞ்சம் பொறுங்கோ என்று நான் சொன்னேன். அது பொய் என்பது கட்டிலைப் பார்த்தாலே தெரியும். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் மெலிசாவுக்குத் தேநீர் போட்டேன். சீனியை மேசையில் கொட்டிவிட்டேன். அவர் துணி எடுத்துத் துடைத்தார். அப்போது மனைவி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, அந்தப் பிள்ளையை மறிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? ஊசியைப் போடச் சொல்லுங்கோ" என்றார். நான் கேட்காதவன் போலத் தேநீரை ஆற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் திருமண வாழ்க்கையில் அவ்வளவு கடினமான நேரம் எனக்கு வேறில்லை என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மெலிசா மருந்துக் குப்பியை உடைத்து ஏற்றி முடித்த நேரம் கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். தீப்தியும், ஸகீனா என்ற தாதி மேற்பார்வையாளரும் நின்றார்கள். ஸகீனா இலங்கை முஸ்லிம் பெண், வயதில் மூத்தவர். அவர் தன்னுடைய அடையாள அட்டையை எனக்குக் காட்டினார். அதன் பிறகு மெலிசாவிடம், அவருடைய தாதியர் பதிவு அட்டையைக் காட்டும்படி கேட்டார். மெலிசா அசையவில்லை. தீப்தி அவரிடம், "தண்டர் பே ஆஸ்பத்திரியில இருக்கற நிஜ மெலிசா கூட நேத்து நான் போன்ல பேசினேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மெலிசா கதிரையில் இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் ஓடவில்லை. கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்தார். பிறகு தன் மேற்சட்டைப் பைக்குள்ளிருந்து இன்னொரு ஊசியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் அன்ரின்ர மருந்து. கையில இருந்தது வெறும் உப்புத்தண்ணி" என்றார்.

இரண்டு ஊசிகளையும் ஸகீனா தனித்தனிப் பையில் போட்டு வைத்துப் பின்னர் பொலிசாரிடம் கொடுத்ததை நான் கண்டேன்.

நான் உடனே ஸகீனாவிடம், மருத்துவர் எழுதிய அளவைப் புதிதாக ஏற்றி மனைவிக்குப் போடும்படி கெஞ்சினேன். அவர் மறுத்தார். அவர்கள் வழக்கத்தில் நாநா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா.

"நாநா, கொஞ்சம் பொறுங்க. இவ்வளவு நாளும் இந்த ஊசி மருந்து தாத்தாட உடம்புக்குள்ள போகவே இல்லை. கூட்டி எழுதின அளவை ஒரேயடியாப் போட்டா மூச்சு நிண்டுடும்" என்றார்.

அதன் பிறகு அவர் மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லி, புதிதாகக் குறைந்த அளவு ஒன்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, புதுக் குப்பியை என் கண் முன்னால் உடைத்து ஏற்றிப் போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை. கட்டிலருகே இருந்து மனைவியின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கை மெல்லக் கம்பியை விட்டது. பொலிசார் வந்து மெலிசாவை அழைத்துப் போனபோது மனைவி நித்திரை. அவர் குறட்டை விட்டார். குறட்டையைக் கேட்டு நான் அழுதேன்.

பின்னேரம் மனைவி எழும்பி, "எனக்கு என்னப்பா செய்தனீங்கள்? இடுப்பு இருக்கிறதே தெரியேல்லை" என்றார்.

தீப்தி இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது நான் நேரில் அறிந்ததல்ல. அன்று அவர் எங்கள் சமையலறையில் இருந்து சொல்லக் கேட்டதையே இங்கே சொல்கிறேன். அவர் அந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர். வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்கள், பதிவு பறிக்கப்பட்டவர்கள் என்று அரசாங்கங்களும் தாதியர் சபைகளும் வெளியிடும் பட்டியல்களோடு, நிறுவனத்துக்காக வேலை செய்யும் எல்லோரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. முன்பெல்லாம் வேலைக்கு எடுக்கும்போது ஒருமுறை மட்டும்தான் பார்ப்பார்களாம். ஆள் அனுப்பும் கம்பனிகள் மூலம் வருகிறவர்களை அந்தக் கம்பனிகளே பார்த்திருக்கும் என்று விட்டுவிடுவார்களாம். மெலிசா அப்படி வந்தவர். தீப்திதான் அவர்களையும் மாதாமாதம் பார்க்கத் தொடங்கினார்.

மெலிசாவின் பெயரும் பதிவு எண்ணும் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பதிவு எண்ணுக்குரியவர் தண்டர் பேயில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாக இருந்ததைத் தீப்தி கவனித்தார். தண்டர் பே இங்கிருந்து காரில் ஒரு முழுநாள் பயணம். ஒருவர் அங்கேயும் இங்கேயும் எப்படி நிற்பார் என்று யோசித்து, அந்த ஆஸ்பத்திரிக்கே தொலைபேசி எடுத்தார். உண்மையான மெலிசா பேசினார். ரொறன்ரோவில் தான் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்றார். அதன் பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தவரின் படத்தை வைத்துக்கொண்டு மற்ற மாகாணங்களின் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தேடியபோது, நோயாளிகளின் வலி மருந்தைத் திருடித் தனக்கே போட்டுக்கொண்டதற்காகப் பதிவு பறிக்கப்பட்ட ஒருவரின் படம் அதே முகமாக இருந்தது. அது வெள்ளிக்கிழமை பின்னேரம். மேலாளரிடம் சொன்னபோது, வழக்கறிஞரைக் கேட்க வேண்டும், திங்கட்கிழமை வரை பொறுக்கவும், வீடுகளுக்கு எதுவும் சொல்லவேண்டாம் என்றாராம். இரவெல்லாம் நித்திரை வரவில்லை, விடிந்ததும் ஸகீனாவை அழைத்துச் சொன்னேன், அவர் என்னோடு வர உடனே சம்மதித்தார் என்று தீப்தி சொன்னார்.

"உங்கட வேலை போனா என்ன செய்வீங்கள் பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"வேற வேலை தேடிக்கலாம் அங்கிள். திங்கக்கிழமை வரைக்கும் ஆன்ட்டி எப்படி அங்கிள் தாங்குவாங்க?" என்றார்.

அவருடைய வேலை போகவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

அதன் பிறகு என் மனைவி சில கிழமைகள் உயிரோடிருந்தார். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். விரும்பினால் சொல்லலாம் என்றார். சொல்கிறேன். மனைவி தலையணையை நிமிர்த்தி வைத்து எழும்பி இருந்தார். றொனால்ட்டும் மருமகளும் வந்து நாங்கள் நால்வருமாக முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடினோம். நான் துரும்புச் சீட்டை ஒளித்துப் பிடித்தேன் என்று மனைவி என்னைக் கள்ளன் என்றார். உரத்துச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். செபமாலை மறுபடி சொன்னார். மீன் குழம்புக்கு நான் போட்ட புளி காணாது என்றார். அவர் இறந்த காலையில் என் கை அவருடைய கைக்குள் இருந்தது. அது இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா கிடந்தது. இந்த நாட்களை எங்களுக்குத் தந்தவர்கள் தீப்தியும் ஸகீனாவும். அவர்கள் இருவருக்கும் நானும் என் குடும்பமும் நன்றி உடையவர்களாக இருக்கிறோம் என்பது பதிவாக வேண்டும்.

மெலிசா மீது எனக்குக் கோபமில்லையா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது. என் மனைவி கம்பியைப் பிடித்துக் கிடந்த பகல்களை நான் மறக்கப்போவதில்லை. நீதிமன்றம் கொடுக்கும் தண்டனைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் என் மனைவி இனி இங்கே வந்து பேச முடியாது என்பதால் அவர் சொன்ன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் மதியம் ஸகீனா ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு மனைவி என்னிடம், "அந்த மெலிசாப் பிள்ளைக்கு இப்ப ஆர் மருந்து குடுக்கினம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "போற இடத்தில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார். அதை நான் இப்போது அதிகாரியிடம் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் சொல்லியிருக்கிறேன். இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை என்று உறுதி கூறி என் கையொப்பத்தை இடுகிறேன்.

(ஒப்பம்) அ. பஸ்ரியன்